பதக் என்றால் வாத்து அல்ல

ஜூன் 3, 2025

தீவில் மரைன் ஹில் முழுக்க மழை. எங்கள் வானொலிக் கண்காணிப்பு நிலையத்துக்குப் புது மென்பொருள் வந்து மூன்று வாரம். சிக்னலைக் காதால் கேட்காமலே, அலையின் வடிவத்தைப் பார்த்து வகை சொல்லுமாம்: குரல், மோர்ஸ், தரவு, வெறும் இரைச்சல். சோதித்துப் பார்த்து இருபதாம் தேதிக்குள் நான் கையெழுத்திட வேண்டும். இட்டால் எனக்குச் சென்னை மாற்றல், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. எங்கள் ஆபரேட்டர் நாகராஜ் உட்கார்ந்து சிக்னல் கேட்கும் நாற்காலி போய்விடும்.

"மிஷினுக்குக் காது இருக்கா மேடம்?" என்றார்.

"கணக்குதான் இருக்கு."

"டீக் ஹை. எனக்குக் கணக்கு வராது."

ஜூன் 6

தெளிந்த வானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி. இடி மின்னலோடு எழுபதைத் தாண்டவில்லை. கம்பெனிக்காரர்களின் விளக்கப் படங்களில் மழையே பெய்வதில்லை.

ஜூன் 9

அலுப்பு. சென்னைக்கு எதை எடுத்துப்போவது, எதை விடுவது?

ஜூன் 11

கார் நிக்கோபாரிலிருந்து கொப்பரை ஏற்றிப் புறப்பட்ட படகு இரண்டு நாளாக வந்து சேரவில்லை. மதியம் திரையில் மெல்லிய கோடு ஒன்று. மென்பொருள் 'இரைச்சல்' என்றது. அடுத்ததைப் பாருங்கள் என்றேன். நாகராஜ் ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினார்.

"அரே, சுனியே மேடம். இரைச்சல் இல்ல, பதக்!"

வாத்து கத்துவது போலத்தான் இருந்தது. குமிழை மயிரிழை திருப்பினார். வாத்து மனிதனானது. "இஞ்சின் பந்த்... பானி நஹி..." இஞ்சின் நின்றுவிட்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை என்றான்; கண்ணுக்குத் தெரிந்த தீவின் பெயரையும் சொன்னான்.

மாலைக்குள் நான்கு பேரையும் கரை சேர்த்துவிட்டார்கள்.

அடுத்ததைப் பாருங்கள் என்றேனே, நான்.

ஜூன் 12

காரணம் கிடைத்தது. பழைய படகு செட்டுகளில் அலைவரிசை சற்று நகர்ந்திருக்கும். பேச்சு வாத்துக் குரலாகக் கேட்கும். அதனால் எங்கள் ஆட்கள் அப்படிப்பட்ட குரலைப் பதிவேட்டில் 'பதக்' என்றே எழுதுவார்கள். மென்பொருளைப் பழக்க அந்தப் பதிவுகளைத்தான் அனுப்பினோம். கம்பெனியில் யாரோ இந்தி அகராதியைப் பார்த்து, வாத்து என்றால் பறவைச் சத்தம்தானே என்று அத்தனையையும் இரைச்சலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் சரிபார்க்க இங்கே வந்திருக்கிறது. அடியில் என் கையெழுத்து: வைஜெயந்தி. மார்ச் 14. அன்று கப்பல் டிக்கெட்டுக்கு அவசரமாக அபர்டீன் பஜார் போனேன். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

ஐயோ, அந்த நாலு பேர்...

ஜூன் 16

மேலதிகாரி ரவிச்சந்திரனிடம் சொன்னேன். "எழுத்துல கொடுத்தா உங்க பேர் வரும்மா. பேசாம லேபிளை மட்டும் மாத்திட்டு, இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டுக் கிளம்புங்க."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 20

எழுத்தில் கொடுத்தேன்.

ஜூலை 8

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மாற்றல் நிறுத்திவைப்பு. கட்டிய பெட்டியைப் பிரித்து, கம்பளியை வெயிலில் போட்டேன்.

'பதக்' பதிவுகளை நாகராஜும் நானும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திரும்ப வகைப்படுத்துகிறோம். ஆளுக்கொரு ஹெட்ஃபோன்.

"மேடம், இது என்ன சொல்லுங்க?"

"பதக்."

"நஹி. இது நிஜமாவே இரைச்சல்." சிரித்தார்.

இன்று நாற்பது முடிந்தது. அத்தனையையும் கேட்ட பிறகு பட்டியலின் அடியில் கையெழுத்திட்டேன்.