ஊதச் சொல்லும் தங்கை

4-11-86, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தோட்டத்து லயத்து வாசலெல்லாம் சேறு. துணி காயவில்லை. தீபாவளி முறுக்கு பாதி டின், நமுத்துப் போச்சு.

கோலாலம்பூர்ப் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி நேற்றுச் சொன்னது: மூக்கால் இழு, பிடி, மெதுவாக விடு. தண்ணீர்ப் போத்தலில் குழாய் விட்டு ஊது. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமு. இப்போதே பழகினால்தான் என் இருதய வால்வு மாற்றியபின் சளி கட்டாதாம். ஆப்பரேஷன் அடுத்த வாரம்.

மாமியார் எட்டிப் பார்த்து, போகிற நேரத்தில் விளையாட்டைப் பார் என்றாள்.

5-11, புதன்

ரவாங்கிலிருந்து அம்மா. கூடவே தங்கை கமலா, எனக்கு ஒத்தாசைக்காம். ஒத்தாசைக்கு வந்தவளுக்குப் புதுச்சேலை, தலை நிறையப் பூ. என் வீட்டுக்காரர் இவருக்குக் கோப்பி கொடுக்க அவளைத்தான் அனுப்பினாள் அம்மா.

முன்னறையில் அம்மா, மாமியாரிடம்: "மூத்தவளுக்கு ஒன்னு ஆயிட்டா சின்னவள கட்டிக்கட்டும். பேரன வெளியாள் கையில விட முடியாதுலா."

மாமியாருக்குச் சம்மதம். பெண் கொஞ்சம் கறுப்பு என்பதுதான் குறையாம். நான் அடுப்படியில், உயிரோடு. இவர் பேப்பர் படித்தார். ஒரே பக்கத்தை.

இதைச் சொன்னது என்னைப் பெற்றவள்.

7-11, வெள்ளி

கமலா ஃபேக்டரிக்கு லீவு போட்டிருக்கிறாள். இவருக்கு எவ்வளவு சீனி போடணும் என்று இப்போதே படித்துக்கொள் என்றேன். போத்தலை எடுத்து வந்தாள். ஊதுவதைப் பாதியில் நிறுத்தினேன், தொடையில் கிள்ளினாள்.

"ஒழுங்கா ஊது அக்கா. நீ செத்தா அந்தாளுக்கு நான் கழுத்த நீட்டணும். எனக்கு வேணாம்லா."

ஃபேக்டரியில் ஒருத்தன் இருக்கிறானாம். எனக்குச் சிரிப்பு வந்து மூச்சு முட்டியது. நான் பிழைக்கணும் என்று நினைக்க இந்த வீட்டில் ஒரு ஆள். அதுவும் அவளுக்காக. ஊதினேன்.

10-11, திங்கள்

மழை. மண்ணெண்ணெய் வாங்கணும். கமலாவுக்குத் தோட்டத்துக் கங்காணி மண்டோரே தேவலை, உட்காரவிடுவதில்லை. ஆனால் படியேறினால் முன்போல் மூச்சு இரைக்கவில்லை.

மகன் அவளைச் சின்னம்மா என்றான். மாமியார் உடனே, "அம்மான்னு கூப்பிட்டுப் பழகு." எனக்கு முன்னாலேயே. அவனும் கூப்பிட்டான். கமலா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். நான் குழாயைக் கடித்ததில் பல் பதிந்துவிட்டது.

13-11, வியாழன்

ஆஸ்பத்திரி. வெறும் வயிறு, நாக்கு வறட்சி. நெஞ்சு சுத்தம், நல்லா பழகியிருக்கே என்றாள் மிஸ்ஸி. நகை எதுவும் உடம்பில் கூடாதாம். தாலியும்.

கழற்றியது அம்மாதான். கமலாவிடம் நீட்டி, "வச்சுக்க. இனிமே நீதானே" என்றாள். மாமியார் தலையாட்டினாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கமலா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தொட மாட்டேன். அக்கா வந்து போட்டுக்குவா."

வார்டே பார்க்க அம்மா அவளை அறைந்தாள். அப்போதும் கை முன்னால் வரவில்லை.

அம்மா கையிலிருந்து நழுவிய தாலி என் காலடியில், கட்டில்மேல். யாரும் எடுக்கவில்லை. தள்ளுவண்டி வந்துவிட்டது.