சம்மந்தி வீட்டுக் கிறிஸ்துமஸ்

அன்பு மகன் மாரீஸ்வரனுக்கு,

அம்மா முத்துமாரியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, நான், ரோஜா, பாப்பா பாண்டிமீனா எல்லோரும் அம்மன் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம். நைரோபியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது ரோஜா பக்கத்தில் நிற்கிறாள், பாப்பா போனைப் பிடுங்குகிறாள், உனக்கும் அங்கே பிரஸ்ஸில் மிஷின் சத்தம். கிறிஸ்துமஸ் நல்லா முடிந்தது என்று மட்டும் உன் பெண்டாட்டி உன்னிடம் சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முழுதும் சொல்ல அவளுக்குக் கூச்சம். உன்னோடு வேலை பார்க்கும் மணிமுத்து லீவு முடிந்து கிளம்புகிறான் என்று தெரிந்ததும், அவன் கையில் பலகாரத்தோடு இதையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

இந்த மாத ஆரம்பத்தில் நீ போனில் ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா, சென்னையில் பெரிய கடையில் கேக்கும் எல்லோருக்கும் துணியும் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறேன், வீட்டுக்கே வந்துவிடும் என்று. அப்போது அப்பா கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். உன் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா உன்னோடு நேராகப் பேசுவதில்லை, நீ வெளிநாடு போய் ரோஜா பிள்ளையோடு நம் வீட்டுக்கு வந்த பிறகும் பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சுவார்களே தவிர ரோஜாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு, அவ சாப்பிட்டாளான்னு கேளு என்பார்கள். அப்படி இருந்தவர்கள் அன்றைக்கு நான் போனை வைத்ததும் பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு, "கேக்கு மெட்ராஸ்ல இருந்தா வரணும், விருதுநகர்ல பேக்கரி எல்லாத்தையும் மூடிட்டாகளா, அருப்புக்கோட்டைக்காரன் நெய்யுற சேலையை விட்டுட்டு எங்கிட்டோ கெடக்கிற துணியை எதுக்கு வாங்கணும், அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லு, நாம வாங்கிக்கிடுவோம்" என்றார்கள். நாம என்ற வார்த்தை எப்படி அவர்கள் வாயில் வந்தது என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் ஆர்டர் போட வேண்டாம் என்று உனக்கு மறுபடி போன் பண்ணினேன், நீ கோபித்துக்கொண்டாய்.

மறுவாரம் மழை விட்டிருந்த ஒரு நாளில் அப்பா, நான், ரோஜா, பாப்பா நாலு பேரும் பஸ் ஏறி விருதுநகர் போனோம். ரோஜா முதலில் வரமாட்டேன் என்றாள், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கேக் சொல்லியாயிற்று, பாப்பாவுக்கு ரோஸ் கலரில் கவுன் வாங்கியாயிற்று, உன் மாமியார் குருவம்மாளுக்கு ரோஜாவே சேலை எடுத்தாள், அரக்கில் மாம்பழக் கரை போட்டது, அருப்புக்கோட்டைச் சேலைதான். எல்லாம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அப்பா கடைக்காரரிடம் நல்ல வேட்டி ஒன்று எடுத்துப் போடுங்க, வெள்ளைத்துரைக்கு என்றார்கள், உன் மாமனாருக்குத்தான். கடைக்காரர் வேட்டியை விரித்தார். ரோஜா பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அப்பா முன்னால் வந்து நின்றாள். "மாமா, கோவிச்சுக்கிடாதீங்க. எங்க தாத்தா ஒங்க களத்துல குனிஞ்சு நின்னு வருசா வருசம் வேட்டி வாங்குனவரு. எங்க அப்பா சின்னப்பிள்ளையா இருக்கும்போது கூட நின்னு அதைப் பாத்திருக்காக. திரும்பவும் ஒங்க கையில இருந்து எங்க அப்பா கைக்கு வேட்டி வேண்டாம் மாமா. வேற எதுன்னாலும் குடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை, தலையையும் குனியவில்லை. உன் அப்பாவிடம் அவள் நேருக்கு நேராக இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா முகம் சிவந்துபோய் வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு கடைக்காரரிடம் மடிச்சு வச்சிருங்க என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ரோஜா என்னிடம் வந்து, அத்தை நான் தப்பாப் பேசிட்டேனா என்று கேட்டாள். இல்லை தாயி, நெசத்தைத்தான் பேசினாய் என்றேன், ஆனாலும் எனக்குள் பயம்தான், இத்தனை நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்தது உடைந்துபோய்விடுமோ என்று. உன்னிடம் சொன்னால் நீ அங்கே இருந்துகொண்டு தூங்காமல் கிடப்பாய் என்றுதான் மறைத்தேன். அப்பா காலையில் மிளகாய்த் தோட்டத்துக்குப் போவதும் வருவதும், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கம்மாய்க்கரையில் நடப்பதுமாக இருந்தார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும் என்னிடம், "அந்தப் பிள்ளை சொன்னதுல என்ன தப்பு இருக்கு, எங்க அய்யா வேட்டியை எட்ட நின்னு தூக்கிப் போடுவாரு, நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்" என்றார்கள். நான் மோரை ஊற்றினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் ரோஜாவையும் பாப்பாவையும் நாரணாபுரத்துக்குக் கூட்டிப்போக வந்தார்கள். அவர்கள் எப்போது வந்தாலும் நம் வீட்டு வாசல்வரை வருவதில்லை, உனக்குத் தெரியும், தெருமுனை டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ரோஜாவுக்குப் போன் பண்ணுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். ரோஜா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, நீ இரும்மா என்று அவளிடமே சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன், என்ன ஆகுமோ என்று. உன் மாமனார் அப்பாவைக் கண்டதும் வண்டியை விட்டு இறங்கித் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, துண்டு கிடக்கட்டும் என்றார்கள். பிறகு, "என்ன இங்கனயே நின்னுட்டீக, வீட்டுக்கு வாங்க" என்றார்கள். சின்ன வயதிலிருந்து ஏலே வெள்ளை என்று கூப்பிட்ட வாய் அது. இல்லைங்கய்யா, கம்பெனியில் லோடு ஏத்துறாக, சீக்கிரம் போகணும், இன்னொரு நாள் வாரேன் என்று உன் மாமனார் ஏதோ சொன்னார்கள். அப்பா விடவில்லை, "அப்பச் சரி. கிறிஸ்துமஸுக்கு ஒங்க வீட்டுல எம்புட்டுப் பேருக்குச் சமைக்கிறீக, எங்க ரெண்டு பேரையும் சேத்துக்கோங்க" என்றார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் மாமனார் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நெசமாவாங்கய்யா என்று மட்டும் கேட்டார்கள். "சமைக்கிறது சம்மந்தியம்மா, அவுககிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்கள் அப்பா. கேட்கிறதுக்கு என்ன இருக்கிறது, வாங்க என்றார்கள் உன் மாமனார். பிறகு ரோஜாவும் பாப்பாவும் வந்து வண்டியில் ஏறினார்கள்.

அந்தச் சாயங்காலமே பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. அப்பாவின் பங்காளி சோலைச்சாமி வீட்டுக்கே வந்து, அண்ணே, பையன் பண்ணிக்கிட்டான் சரி, நீங்க போயி அங்க கை நனைச்சா நாளைக்குக் கோயில் வரி வாங்கும்போது நம்ம குடும்பத்தை எங்க வைப்பாக என்று கேட்டார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "எம் பேத்தி அந்த வீட்டுச் சோத்தைத் தின்னு வளருதா, என் வீட்டுச் சோத்தைத் தின்னு வளருதா, ரெண்டையும் தின்னுதான வளருது, அப்ப எனக்கு என்ன. சம்மந்தி வீட்டுக்குப் போறேன், நீயும் வாரியாலே" என்றார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்குக் கோயிலில் ஏதாவது சொல்வார்கள் போலத்தான் இருக்கிறது. சொன்னால் சொல்லட்டும், அப்பா பார்த்துக்கொள்வார்கள், நீ அதை நினைத்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

வேட்டிக்குப் பதில் என்ன வாங்குவது என்று அப்பா ரோஜாவுக்கே போன் போட்டுக் கேட்டார்கள். அவள் யோசித்துவிட்டு, மழைக்கோட்டு வாங்குங்க மாமா, கம்பெனி வேன் ஏறுற இடத்துக்கு விடியக்காலம் வண்டியில போகும்போது அப்பா நனைஞ்சுகிட்டே போறாக என்றாளாம். சிவகாசியில் கடை கடையாக ஏறி இறங்கி நல்ல கெட்டியான மழைக்கோட்டு ஒன்று பார்த்து வாங்கினோம், அப்பா தன் மேலேயே மாட்டிப் பார்த்து வாங்கினார்கள். அப்படியே காகித நட்சத்திரமும் வாங்கினோம். ஶ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் காராச்சேவு, விருதுநகர் கேக், இவ்வளவையும் தூக்கிக்கொண்டு கிறிஸ்துமஸ் அன்று காலையில் நாரணாபுரம் போய் இறங்கினோம். ரோஜா சர்ச்சு வாசலில் நின்றாள். நான் அவளோடு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், பாட்டு நன்றாக இருந்தது, பிள்ளைகள் ஆட்டுக்குட்டி வேஷம் போட்டு நடித்தார்கள், பாப்பா கைதட்டினாள். அப்பா உள்ளே வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் கூப்பிடவில்லை, முடிந்தவரைக்கும் வந்தார்களே, அது போதும்.

வீட்டில் உன் மாமியார் ஆட்டுக்கறிக் குழம்பும் சுக்காவும் வைத்திருந்தார்கள், ஊர் மந்தையிலேயே பார்த்து வாங்கி அடித்த கிடாயாம், பஞ்சாய் வெந்திருந்தது. எங்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தம்ளர் புத்தம் புதிது, கடை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. தட்டும் புதிது. எங்களுக்காகத் தனியாக வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். "சம்மந்தி, நீங்க எதுல தண்ணி குடிப்பீக" என்று கேட்டார்கள். உன் மாமனார் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்கள், குடத்து மேலே ஒடுங்கிப்போன செம்பு ஒன்று இருந்தது. அதுலயே குடுங்க என்றார்கள் அப்பா. உன் மாமியார் முந்தானையால் செம்பைத் துடைத்து மொண்டு கொடுத்தார்கள், அப்பா அண்ணாந்து முழுவதும் குடித்தார்கள். ரோஜா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, பாப்பா தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அப்பா மூன்று தடவை குழம்பு வாங்கினார்கள், எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. சாப்பிட்டு முடித்து மழைக்கோட்டைக் கொடுத்ததும் உன் மாமனார் அங்கேயே மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள், பாப்பா அடையாளம் தெரியாமல் அழுதாள், எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் ரோஜா உன்னிடம் சொல்லாமல் விட்டது. உன் மாமனார் அலமாரியைத் திறந்து ஒரு பை எடுத்து வந்தார்கள். அதில் பட்டுக்கரை போட்ட வேட்டியும் துண்டும். துணிக்கடையில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது, ரோஜா சொல்லவே இல்லை, பிறகு நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "எங்க பண்டிகைக்கு வந்திருக்கீக, வெறுங்கையா அனுப்ப மனசு வரல, சிவகாசியிலதான் வாங்குனேன், ஒங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ" என்று அவர்கள் நீட்டினார்கள், நேராக நிமிர்ந்து நின்றுதான் நீட்டினார்கள். அப்பா உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டு கையையும் நீட்டி, கொஞ்சம் குனிந்துதான் வாங்கினார்கள். உன் அப்பா யார் முன்னாலும் குனிந்து நான் பார்த்ததில்லை. உள் அறைக்குப் போய் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, நல்லாருக்கா தாயி என்று ரோஜாவிடம் கேட்டார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லவில்லை. நல்லாருக்கு மாமா என்றாள் அவள். பழைய வேட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, புதுசோடேயே பஸ் ஏறி, நம் தெரு வழியாக நடந்து வந்தார்கள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மழையில் மிளகாய்ச் செடி கொஞ்சம் அழுகிப்போயிற்று, மிச்சம் தேறிவிடும். என் முழங்கால் வலி பரவாயில்லை. பாப்பா சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். பொங்கலுக்கு உன் மாமனார் மாமியாரை நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். நீ மை வாடைக்கு மூக்கில் துணி கட்டிக்கொள், ராத்திரி வேலை முடித்துத் தனியாக நடந்து போகாதே. பால்கோவாவை முதலில் சாப்பிட்டுவிடு, காராச்சேவு தாங்கும். முக்கியமாக ஒன்று, இதைப் படித்ததும் உன் மாமனாருக்குப் போன் போட்டுப் பேசு, அவர்கள் தாமாகக் கூப்பிடமாட்டார்கள். உன் பெண்டாட்டி கெட்டிக்காரி, அவளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அம்மன் உனக்கு ஆயுசையும் சுகத்தையும் கொடுக்கட்டும், ரோஜா கும்பிடுகிற சாமியும் கூட நிற்கட்டும். கடிதம் எழுதுகிறேன் என்றதும் அப்பா, கடைசியில கொஞ்சம் இடம் விடு என்றார்கள். விட்டிருக்கிறேன்.

உன் அன்பு அம்மா,
பெ. முத்துமாரியம்மாள்

மாரீஸ்வரா, அப்பா எழுதுவது. உன் மாமனார் வீட்டில் எங்களை நன்றாகக் கவனித்தார்கள். லீவு கிடைத்து ஊருக்கு வரும்போது முதலில் அங்கே போய் அவர்களைப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வா. நான் வாசலில் இருப்பேன்.
பெத்தணன்