மணி நின்ற பிறகு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முதல் வரியில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும் என்று அப்பா பழக்கிவிட்டார், அதனால் எழுதினேன். உன் மாமாவுக்கு முட்டிவலி, எனக்குத் தூக்கமில்லை, மற்றபடி நலம்தான். சின்னதுக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது. உன் சிறுவயது மூஞ்சி அப்படியே ஒட்டியிருக்கிறது. பாவம் அந்தக் குழந்தை.

நீ தினமும் போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. காரியத்துக்கு வர டிக்கெட் கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய்? விஷயம் அதுவல்ல. அம்மா போனதிலிருந்து எந்த மணிச் சத்தமும் எனக்கு ஆகவில்லை. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்குமே, நோயாளி அமுக்கினால் நர்ஸுகளின் மேசையில் டிங் டாங், டிங் டாங் என்று அடிக்கும். லிஃப்ட் வந்து நின்றாலும் எனக்கு அதுதான் கேட்கிறது. வாசல் மணியின் வயரை உன் மாமா பிடுங்கிப் போட்டுவிட்டார். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, கரண்ட் பில் கட்டலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். உன் போன் வந்தால் ஓரத்தில் அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிடுவேன். உன் பெயர் திரையில் மின்னிக்கொண்டே இருக்கும். அது அணைகிறவரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மெசேஜ் அனுப்பக் கூடாதா என்பாய். இந்த வேலையில் சேர்ந்த பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் எனக்கு அறிக்கையாகத்தான் வருகிறது. அதனால்தான் பேனா.

அறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்டறிக்கை இந்த மாதம் முடிந்தாக வேண்டும். வழக்கம்போல என் தலையில்தான். இந்த வருஷம் வரலாறு காணாத அதிசயம், கையில் உபரிப் பணம் மிஞ்சியிருக்கிறது. கணக்குத் துறைத் தலைவரை உனக்கு நினைவிருக்கும், எதைக் கொண்டுபோனாலும் பாதியாக வெட்டித் தருவாரே, நாங்கள் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தோமே, அவர்தான். மனுஷர் மாப்பிள்ளை மாதிரி நடமாடுகிறார். சலவைச் செலவு குறைந்ததைச் சிக்கனம் என்று போடச் சொன்னார். விரிப்பு மாற்றாவிட்டால் சலவைச் செலவு குறையத்தானே செய்யும் என்றேன். என்னை முறைத்தார். ஓய்வு பெற்றுப் போன நர்ஸுகளின் இடத்தில் புது ஆள் எடுக்கவில்லை, அந்தச் சம்பளமெல்லாம் அப்படியே மிச்சம். அதற்கும் நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறார்.

ஆனால் தம்பி, சிகிச்சைத் தரம் என்கிற பகுதியை எழுதும்போது எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நோயாளி மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் பதில் கிடைக்கிறது என்று வார்டு வார்டாக அளக்கிறோம். எல்லா வார்டுகளிலும் முதலாவதாக வந்திருப்பது அம்மா இருந்த பெண்கள் வார்டு. சராசரியாக அரை நிமிஷம்கூட இல்லை. அவர்களுக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள்.

அம்மாவை எடுத்துப் போகிற நேரத்தில் நீ போனில் ஒன்றே ஒன்று கேட்டாய். "அம்மா கடைசியா யாரையாவது கூப்பிட்டாளாக்கா?" தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மா போன அன்று மதியம் பார்வையாளர் நேரம் முடிந்து மாடிக்கு என் அறைக்கு வந்துவிட்டேன். மாலை டீயோடு இறங்கலாம் என்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே மணி அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது, நின்றது. இன்னொரு தடவையும் அப்படியே. யாரோ போய்ப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது அம்மாவின் மணியாகவே இருந்திருந்தாலும் இனி கவலையில்லை. அரை நிமிஷத்துக்குள் ஓடி வருகிற வார்டு அது. இன்று தூங்குவேன் என்று தோன்றுகிறது.

நாளை கீழே போய் ஹெட் சிஸ்டரிடம் கேடயச் செய்தியை நானே சொல்லப்போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். சின்னதுக்கு என் முத்தம்.

உன் அக்கா

*

தம்பி,

நலம் விசாரிக்க இந்த முறை கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

ஹெட் சிஸ்டரிடம் போனேன். கேடயம் உங்களுக்குத்தான் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சிரிப்பாள் என்று பார்த்தால் முகம் வெளுத்துப்போய் நின்றாள். துணி அடுக்கும் அறைக்குள் என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேடம், நாங்க போய்ப் பார்க்கிறதில்ல. மேசையிலயே ஒரு பொத்தான் இருக்கு. அத அமுக்கினா மணி நின்னுடும். முன்னெல்லாம் கட்டில்கிட்ட போய்த்தான் நிறுத்தணும். ஆளு குறைஞ்சதும் நாங்கதான் கேட்டு வாங்கினோம். சத்தத்த நிறுத்திட்டு, கையில இருக்கிற வேலைய முடிச்சிட்டுப் போவோம். போக முடிஞ்சா போவோம்."

புரிகிறதா? மணி நின்றால் யாரோ போய்விட்டார்கள் என்று மெஷின் எழுதிக்கொள்கிறது. மெஷின் எழுதியதை நான் அறிக்கையில் எழுதுகிறேன். ஆள் குறையக் குறைய மணியை மேசையிலேயே நிறுத்துவது கூடும். நிறுத்துவது கூடக் கூட எங்கள் தரம் உயரும். வருஷம் முழுவதும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைப் பற்றி நான் கேட்கும் முன்பே அவளே சொன்னாள். அன்று மதியம் அவளும் இன்னொரு சின்னப் பெண்ணும் மட்டும்தான் வேலையில் இருந்தார்களாம். வார்டின் அந்தக் கோடியில் ஒரு கிழவி கட்டிலிலிருந்து விழுந்து தலையில் ரத்தம். இரண்டு பேரும் அவளைத் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் மணி அடித்திருக்கிறது. "பஞ்சு எடுக்க மேசைக்கு வந்தப்ப நான்தான் நிறுத்தினேன் மேடம். உங்க அம்மா கட்டில்தான்னு விளக்கு எரிஞ்சுது. இதோ வரேன்னு நினைச்சேன். திரும்பவும் அடிச்சுது. அந்தப் பொண்ணு போய் நிறுத்தினா. அப்புறமும் ஒரு தடவ அடிச்சுது, அதையும் நிறுத்தினோம்."

பிறகு அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது. "அப்புறம் அது அடிக்கல. அடிக்காம போனப்ப, அப்பாடான்னு இருந்துச்சு மேடம்."

அவளைத் திட்டலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்த அப்பாடா என் வாயிலும் வந்ததுதானே. கீழே மணி நின்றதும் மாடியில் நிம்மதியாகக் குனிந்து வேலை பார்த்தவள் நான். உனக்குச் சமாதானம் சொல்லப் போன வாரம் அதையே எழுதியும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

உடனே போயிருந்தாலும் பிழைத்திருப்பது கஷ்டம் என்கிறார் டியூட்டி டாக்டர். இருக்கட்டும். பிழைக்கத்தான் கூப்பிட்டாளா? தண்ணீர் கேட்டிருக்கலாம். தலையணையைத் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கலாம். மாடியில் என் மகள் இருக்கிறாள், கூப்பிடுங்கள் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கலாம். வீட்டில் ஒரு டம்ளரை வைத்தால்கூட நான் திரும்பிப் பார்க்கிறேன். அடுப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் அவள் படுத்திருப்பது போலவும், நான் திரும்பட்டும் என்று காத்திருப்பது போலவும் இருக்கிறது. திரும்பினால் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம். ஊர்க்காரர்கள், நோயாளிகளின் வீட்டார் எல்லோரும் வருவார்கள். தரம் பற்றிய பகுதியை மேடையில் வாசிக்க வேண்டியவள் நான். கத்தரிக்கோலிடம் போய்ச் சொன்னேன். "மணி நின்னா பதில் கிடைச்சதா அர்த்தம்னு விதியிலயே இருக்கேம்மா" என்றார். பெரிய டாக்டர் அவரைவிட நல்லவர், அதனால் அவர் சொன்னது இன்னும் பயமாக இருந்தது. தரத்தில் முதலிடம் போனால் அடுத்த வருஷம் அரசாங்கப் பணம் குறையும், பணம் குறைந்தால் இருக்கிற இரண்டு நர்ஸில் ஒருத்தி போவாள், யோசித்துச் செய்யம்மா என்றார். ஹெட் சிஸ்டரிடமும் கேட்டேன், அவள் வேலை சம்பந்தப்பட்டது அல்லவா. கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்தாள். "எழுதுங்க மேடம். ஆனா ரெண்டே பேர்தான் இருந்தோம்னும் எழுதுங்க" என்றாள்.

நான் என்ன வாசிக்கட்டும் தம்பி? அம்மா உனக்கும் அம்மாதான். நீ ஒரு வார்த்தை சொல்.

அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் கிடைத்துவிட்டது என்று உன் மனைவி மாமாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அதனால் தொலைந்துவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வாசித்துவிட்டேன். பெண்கள் வார்டில் மணி அரை நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறது, மேசையிலிருந்தே நிறுத்த வசதி இருப்பதால் அதில் எத்தனை தடவை உண்மையில் ஆள் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, ஐந்து பேர் பார்க்க வேண்டிய வார்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், உபரி என்று சற்றுமுன் வாசித்த தொகையில் பெரும்பங்கு மற்ற மூன்று பேரின் சம்பளம். இவ்வளவுதான். முடித்ததும் கூட்டம் கை தட்டியது. ஒவ்வொரு வருஷமும் தட்டுகிற பழக்கம், காதில் வாங்காமலே தட்டினார்கள்.

பிறகு கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். கை தட்டல் ஓய்கிறவரை நின்றுகொண்டே இருந்தார். "ஏம்மா, எங்க வீட்டுல அந்த வார்டுலதான் இருந்தா. போகும்போது அவ கூப்பிட்டாளா?" என்று கேட்டார். உன் கேள்விதான், அதே குரல் போல இருந்தது. தெரியாது ஐயா என்றேன். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து அதையே கேட்டார்கள்.

கேடயம் போய்விட்டது. என்னை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை, மெமோ வரும் என்கிறார்கள். வரட்டும். மேசைப் பொத்தானை எலெக்ட்ரீஷியன் கழற்றிவிட்டார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நர்ஸுகள் அதே இரண்டு பேர்தான். இப்போது யாராவது போகிறவரை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வார்டில் யாராலும் தூங்க முடியவில்லை, புகாராக வந்து குவிகிறது. மாடியில் என் அறைக்கும், பக்கத்தில் கத்தரிக்கோல் அறைக்கும் நன்றாகக் கேட்கிறது. முதல் இரண்டு நாள் அவர் கதவைச் சாத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் வெளியே வந்து, "என்னம்மா இது, மனுஷன் ஒரு கூட்டல் போட முடியல" என்றார். அந்த மூன்று இடத்துக்கும் ஆள் கேட்டு மேலே எழுதியிருக்கிறாராம். அவர் கையால் ஒன்றைக் கூட்டி எழுதியதை நான் பார்த்ததே இல்லை. வருமா என்று தெரியாது.

மணி அதிக நேரம் அடித்தால் நானே இறங்கிப் போகிறேன். மருந்து மாத்திரை தொட எனக்கு உரிமை இல்லை, தண்ணீர் கொடுக்கலாமே. நேற்று ஒரு அம்மா விடாமல் அடித்தாள். ஓடினேன். என்ன வேணும்மா என்றால், "ஒண்ணும் வேணாம், யாராச்சும் வர்றாங்களான்னு பார்த்தேன்" என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

தம்பி, நான் போனில் சத்தத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். வாசல் மணிக்கு உன் மாமா வயரை மாட்டிவிட்டார். ஆனால் இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. போன் அடிக்காமல் இருந்தால் நிம்மதி என்று அன்று நினைத்தேனே, இப்போது அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்மேல் கோபம் இருக்கும். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற அக்கா இருக்கிறாள் என்று நம்பித்தானே அம்மாவை விட்டுவிட்டுப் போனாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அழுவதற்கு மட்டும் கூப்பிட்டாலும் சரி. அம்மா எதற்குக் கூப்பிட்டாள் என்று நமக்கு இனி தெரியப்போவதில்லை. உன்னையும் அப்படி விட என்னால் ஆகாது.

நீயும் உன் மனைவியும் சின்னதும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை கூப்பிடு. நான் அடுப்படியில் இருப்பேன், ஓடி வரக் கொஞ்ச நேரம் ஆகும். எடுக்கவில்லையே என்று வைத்துவிடாதே. நான் வருகிறவரை அடிக்கட்டும்.

உன் அக்கா