முள் இறங்கும்வரை

12-8-64, புதன்.

தொண்டூரில் காய்ச்சலில் போன சின்னப் பையனை, புதைக்கும் முன்னால் ஒரு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். அவனுக்கு அதுதான் முதல் போட்டோ. வாசலில் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். இரட்டை லென்ஸ் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, வெளிச்சம் அளக்கிற மீட்டரை அவன் முகத்தருகே பிடித்தேன். முள் எழும்பியது.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முள்ளு ஆடுதுண்ணா. உசிரு இருக்குது."

வெளிச்சத்துக்குத்தான் ஆடுகிறது என்றேன். அதோடு விட்டேனா? காட்டுகிறேன் பேர்வழி என்று மீட்டரை உள்ளங்கையால் மூடினேன். முள் விழுந்தது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"கைய எடுண்ணா. அப்டியே புடி."

பிடித்தேன். தூக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். சாயங்கால வெயில் இறங்க இறங்க முள்ளும் தானாக இறங்கியது. அது படுத்த பிறகுதான் அவள் அழுதாள்.

அப்புறம் படமெடுக்க வெளிச்சம் இல்லை.