முதுகில் எழுதிய பேர்

வில், சுவிஸ்
24 நவம்பர் 2024

நித்தியானந்தனுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கூடப்பிறந்த உன்னோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று பதினேழு வருடத்துக்கு முன்னம் முருகன் சந்நிதியில் சொல்லிவிட்டு வந்தவள் நான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை பிடிக்காமல் வாசி.

என் மகள் பிரபாலினியின் பிள்ளை சிவானுஜாவை நீ கண்டதில்லை. பதினைந்து வயது. பள்ளிக்கூடத்து ஐஸ் ஹொக்கி அணியில் கோல் காக்கிற கோலி அவள்தான். பொடியன்கள் அடிக்கிற பக் என்ற ரப்பர் வட்டை நெஞ்சால் மறிக்கிறாள். வேண்டாம் பிள்ளை என்றேன், கேட்கவில்லை. நேற்று இங்கே பள்ளிக்கூட லீக்கின் முதல் மட்ச். வந்தது சோலோதுர்ன் அணி. உன் ஊர் என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் போய் இருந்தேன். ஐஸ் மண்டபத்துக் குளிருக்கு, நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று ஸ்டேஷனுக்கு நீ கொண்டுவந்த அந்த மண்ணிறக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அதை வைத்து ஒன்றும் நினைக்காதே. வேறு கோட்டில் அவ்வளவு சூடு இல்லை.

சோலோதுர்ன் பக்கத்தில் ஒரு கறுத்தப் பொடியன் பறந்து பறந்து விளையாடினான். முதுகில் நீளமாய் ஒரு பேர். நான் இங்கிலீசு எழுத்தைக் கூட்டி முடிக்கவில்லை, அவன் கோல் அடித்துவிட்டான். ஒலிபெருக்கியில் 'நித்தியானந்தன்' என்றார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பேர்? இந்த நாட்டுக்காரர் கேட்டதற்குத் தகப்பன் பேரைக் கொடுத்தோம், அது பேரப்பிள்ளையின் முதுகு வரைக்கும் வந்துவிட்டது. நான் வாயால் சொல்லாத பேரை அந்த மண்டபம் முழுக்கச் சொல்லிற்று. மூன்று கோலும் அவன்தான். உன் பேர் என் பேத்தியை மூன்று தரம் விழுத்தியது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மட்ச் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாய் வந்து கை கொடுப்பது அந்த விளையாட்டின் வழக்கமாம். அவனும் இவளும் கை கொடுத்தார்கள். அண்ணன் தங்கை முறை என்று இரண்டுக்கும் தெரியாது. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

உன் மகன் ஜனார்த்தனின் கல்யாணத்துக்கு நீ எனக்குத் தபாலில் கார்ட் அனுப்பினாய். ரோஸ் நிறக் கார்ட். பிறகு ஒரு போன். அதே கிழமை வெற்றிலைத் தட்டத்தோடு சூரிச்சில் சித்தி மகள் பத்மினி வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னாய். அங்கிருந்து என் வீட்டுக்கு ஒரு ரயில், ஒரு மணித்தியாலம்கூட இல்லை. மாப்பிள்ளையின் தலையில் பாலறுகு வைத்து வாழ்த்த வேண்டிய மாமி நான். அன்று வந்து சொல்லாததை இன்று வந்து என் வாசலில் நின்று சொல்லு. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு முறை சொல்லுவேன்.

தனலட்சுமி

சோலோதுர்ன்
6 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தை உறையில் கண்டதும் கொஞ்ச நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். திட்டி எழுதியிருப்பீர்கள் என்று தெரியும். என்றாலும் சந்தோசம். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம்.

அந்தப் பொடியன் ஜனார்த்தனின் மூத்தவன், நிலன். சிவானுஜாவின் கையில் ஒரு கோல் தப்பியது, மற்ற இரண்டையும் அவள் முதலில் மறித்தாள், திரும்பி வந்ததைத்தான் அடித்தேன் என்று வந்து சொன்னான். நல்ல கோலியாம். அவனுக்கு நான் முறையைச் சொல்லிவிட்டேன். குறை நினைக்கவேண்டாம்.

கார்ட் விசயத்துக்கு என்ன சொல்ல? அப்போது ரெஸ்டோரண்ட் குசினியில் இரண்டு ஷிப்ட். முதலாளி ஒரு நாள்தான் லீவு தந்தான். பத்மினி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மறித்துவிட்டார்கள், கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அக்காதானே, போனில் சொன்னால் போதும் என்று நினைத்தேன். மற்றவர்களுக்குத்தான் தட்டம் தேவை, கூடப்பிறந்தவளுக்கு ஏன் என்று என் புத்திக்குப் பட்டது. நான் வந்து சொல்லுகிறேன். காலில் சின்னப் புண் ஒன்று, ஆறட்டும். தைப்பொங்கலுக்குள் வருவேன்.

உங்கள் தம்பி
நித்தி

வில்
15 டிசம்பர் 2024

தம்பிக்கு,

முறையை நான் சொல்லமுன்னம் நீ சொல்லிப்போட்டாய். எப்போதும் அப்படித்தான், சின்னனில் அம்மாவிடம் கோள் சொல்லுகிறதிலும் நீதான் முந்துவாய்.

'அக்காதானே' என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கூடப்பிறந்தவள் என்றால் மரியாதை குறைத்துக் கொடுக்கலாம் என்று உனக்கு யார் சொன்னது? என் மனுசன் அப்போது உயிரோடு இருந்தார். கல்யாணத்துக்குப் போடப் புதுச் சேட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, மச்சான் வருவான், நேரில் வந்து கூப்பிடுவான் என்று இரண்டு சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நீ வரவில்லை. அந்தச் சேட்டை அவர் பிறகு போடவேயில்லை. சவப்பெட்டியில் வைத்து அவரை அனுப்பும்போது நான்தான் போட்டுவிட்டேன். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பொங்கலுக்கு வா. சிவானுஜாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. 'பதினேழாம் நம்பர் இடது பக்கம் பார்த்துக்கொண்டு வலது பக்கம் அடிக்கிறான் அம்மம்மா' என்று உன் பேரனையே கதைத்துக்கொண்டு திரிகிறாள்.

தனலட்சுமி அக்கா

சோலோதுர்ன்
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் சேட்டைப் பற்றி வாசித்தபிறகு பேனை எடுக்க இத்தனை நாள் ஆயிற்று.

பொங்கலுக்கு வரமுடியவில்லை. பனி கொஞ்சம் குறையட்டும். தட்டத்தோடு வந்து வாசலில் நின்று சொல்லவேண்டும், அதை ஒழுங்காய்ச் செய்யவேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

போன கிழமை இங்கே நடந்த மட்சுக்கு நீங்கள் வரவில்லை. கூப்பிடாத ஊருக்கு வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கு இரண்டு என்று முடிந்து, கடைசியில் ஆளுக்காள் தனியே அடிக்கவிட்டார்களாம். நிலன் அடித்ததைச் சிவானுஜா காலால் மறித்துவிட்டாள். அவன் அன்று சாப்பிடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், அவனிடம் சொல்லவில்லை.

இனி இரண்டு பள்ளிக்கூடமும் இறுதியாட்டத்தில்தான் சந்திக்கும். ஓல்டனில். அது உங்கள் ஊருமில்லை, என் ஊருமில்லை. நீங்கள் போகலாம் அக்கா.

நித்தி

வில்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஓல்டனுக்குப் போனேன். பிள்ளைக்காகப் போனேன் என்று பிரபாலினியிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. நீ எங்கேயாவது இருப்பாய் என்று ஆட்கள் இருந்த வாங்கு வாங்காய்ப் பார்த்தேன். ஜனார்த்தன் இருந்தான், நெற்றி மேலே ஏறிவிட்டது, ஆனாலும் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் நீ இல்லை. பேரன் இறுதியாட்டம் விளையாடுகிறான், அதற்குக்கூட என் முகத்தில் முழிக்க மனமில்லாமல் வீட்டில் இருக்கிறானே என்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

எங்கள் பக்கம் இரண்டு கோல் போட்டது. டிரிட்டல் என்று மூன்று பகுதியாய் விளையாடுகிறதில் கடைசிப் பகுதியில் நிலன் ஒன்று அடித்தான். ஒலிபெருக்கியில் உன் பேரைச் சொன்னார்கள். பிறகு என் பேத்தி எல்லாவற்றையும் மறித்துவிட்டாள், கிண்ணம் எங்களுக்கு. நான் கை தட்டினேன். ஆனால் ஒன்று சொல்லுகிறேன், அந்தப் பேரை இன்னொரு தரம் சொல்லமாட்டார்களோ என்று எனக்கு இருந்தது.

கை கொடுக்கிற வரிசையில் அவன் சிவானுஜாவின் கையை விடாமல் நின்று ஏதோ சொன்னான். அவள் முகமூடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சறுக்கிக்கொண்டு நான் இருந்த பக்கத்துக் கண்ணாடித் தடுப்புக்கு வந்தார்கள். கதவு திறந்த இடத்தில் அவன் நின்று, வேர்வை வடிய, கும்பிட்டான்.

'ஆச்சி, அப்பப்பா உங்களிட்டை வந்து சொல்லவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் நடந்து பழகிறார். புதுக் கால் இன்னும் சரிவரேல்லை. ஒக்டோபரில சீனி வருத்தத்தால முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டினம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். நான் தோத்தபடியால் சொல்லுறன்.'

தோற்றால் ஏன் சொல்லவேண்டும் என்று கேட்டேன். வென்றால் கிண்ணத்தைக் கொண்டுபோய் அப்பப்பாவைச் சந்தோசப்படுத்தலாம் என்று இருந்தானாம். இப்போது வெறும் கையோடு போகிறேன், நீங்கள் வாங்கோ என்றான்.

நித்தி, என் முதல் கடிதம் வரும்போதே உனக்கு அந்தக் கால் இல்லை. அதைச் சின்னப் புண் என்று எழுதினாய். வாசலில் வந்து நின்று சொல்லு என்று நான் எழுதியதை, நிற்க முடியாத நீ வாசித்திருக்கிறாய். ஒரு வரி எழுதியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். இதையும் நான் மறக்கப்போவதில்லை. அத்தானின் சேட்டுக்குப் பக்கத்தில் இதையும் வைத்திருப்பேன்.

கல்யாண வீட்டுக்குத்தான் வந்து கூப்பிடவேண்டும். வருத்தக்காரன் இருக்கிற வீட்டுக்குக் கூப்பிடாமல் போகலாம், போகாவிட்டால்தான் பிழை. ஆகையால் நீ நடந்து பழகுவதை எனக்காக அவதிப்பட்டுச் செய்யவேண்டாம். தட்டமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சிவானுஜாவோடு காலை ரயிலில் வருகிறேன். பனங்கிழங்கு ஒடியல் மா கொஞ்சம் இருக்கிறது, கூழ் காய்ச்சித் தருகிறேன். சீனிக்கு அது ஒன்றும் செய்யாது. அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவேன், உங்கள் ஊரில் இன்னும் குளிராம்.

முருகனுக்குச் சொன்ன சொல் சொன்னதுதான். உன்னோடு கதைக்கமாட்டேன். வந்து பக்கத்தில் இருப்பேன். நீ கதை.

அக்கா