லம்பத்து டவுனில் உங்களுக்குப் பெட்டி தேடிய நாள்

ஏங்க,

இன்று காலையில் எதிர்வீட்டு மாரியாயி செத்துப்போனாள். அவள் மகன் கைப்பேசியில் ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாசலில் வெள்ளை வேன் நிற்கிறது. ஒரே மாதிரி சட்டை போட்ட ஆட்கள் இறங்கினார்கள். பெட்டி, பூ, பந்தல், நாற்காலி, பாட்டுக்கு ஸ்பீக்கர், சடங்கு செய்யப் பண்டாரம், எல்லாம் அந்த வேனோடு வந்துவிட்டது. அழுவதற்குத்தான் ஆள் கொண்டுவரவில்லை.

பெட்டியை என் பக்கமாகத் திருப்பி இறக்கினார்கள். புது வார்னிஷ் வாசனை முகத்தில் அடித்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாட்டி, மாரியாயி பாட்டின்னா ஒங்களுக்கு அவ்ளோ பாசமா?" என்று பேத்தி பதறினாள்.

பாசமாவது. என் கறிவேப்பிலைக் கன்றை வேரோடு பிடுங்கிவிட்டு, ஆடு தின்றுவிட்டது என்றவள் மாரியாயி. இந்தக் கிளேபாங் வீடமைப்புப் பகுதிக்குள் எங்கேயிருந்து வந்தது ஆடு? நான் உட்கார்ந்தது அவளுக்காக இல்லை. உங்களுக்காக. கூப்பிட்ட உடனே வந்து நிற்கிறார்களே, அதைப் பார்த்துத் திகைத்துப்போய் உட்கார்ந்தேன். எனக்கு அன்று ஒரு ஆள் கிடைக்கவில்லையே.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக வந்தாலும் நடந்தது கோணாமல் வரும்.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரனுக்குச் சண்டை. நம் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளை எல்லாம் நெருக்கிவைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, கேட்டில் காவல் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்து கேட்டை மூடினால் விடிந்துதான் திறப்பார்கள். வெளியே போகிறவர் ஒரு பிடி அரிசி எடுத்துப் போகக்கூடாது. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்கு முடிவெட்டப் போனீர்கள். பழைய ஈய லம்பத்து டவுன். மண்ணைத் தோண்டி ஈயத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர்க் குட்டைகளையும் ஒரே ஒரு கடைத்தெருவையும் மிச்சம் வைத்துவிட்டுப் போன ஊர். "சீக்கிரம் வந்துடுறேன், புள்ளைய வெயில்ல காட்டாத," என்றீர்கள். வரவில்லை. கேட் மூடும் நேரம் தவறியதால் டவுனிலேயே தங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் முற்பகல், தோட்ட வேலை முடிகிற நேரம், தோட்டத்து லாரி ஓட்டுகிற பையன் வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தான். வாசல் பக்கம் வரப் பயம் அவனுக்கு.

"அக்கா, போலீஸ் ஸ்டேசன் முத்தத்துல சில பேரக் கெடத்தி வச்சிருக்காங்க. குட்டைப் பக்கம் சண்டையாம். எல்லாரும் காட்டுக்காரனுங்கன்னு சொல்றாங்க. அதுல ஒன்னு..."

"என்ன ஒன்னு?"

"அண்ணன் சட்ட மாதிரி இருக்குக்கா. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

எனக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த முறத்தைச் சுவரில் மாட்டினேன். எடுத்தேன். மறுபடியும் மாட்டினேன். என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை.

நேராக உங்கள் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். ஒரே லயம்தானே.

"மாமா, வந்து அவருதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வாங்கிட்டு வந்து நல்லபடியா அடக்கம் பண்ணிடலாம்."

"அவன் என் தம்பின்னு சொன்னா என்னையும் புடிச்சி உள்ள போட்டுடுவான். எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"எனக்கும் ஒன்னு கைப்புள்ள இருக்கு மாமா."

"அதப் பாத்துக்க போ. செத்தவன் செத்துட்டான்."

கதவை மூடினார். அது போதாதென்று ஜன்னலையும் மூடினார். நடுப்பகலில்.

தோட்டத்தில் எந்தப் பாடைக்கும் முதலில் கொடுக்கிற தோள் உங்களுடையது. தப்புச் சத்தம் கேட்டால் உங்களுக்குக் கால் நிற்காது. "நான் செத்தா மூனு ஊரு தப்பு வரணும்டி, செத்தவன் எழுந்து ஆடணும்," என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தத் தப்படிக்கிறவர்களிடம் போய் நின்றேன். உங்களோடு சேர்ந்து ஆடினவர்தான் பதில் சொன்னார்: "அண்ணி, தப்பு கையில இருந்தா மட்டும் போதுமா? கழுத்துல தலையும் இருக்கணும்ல." சுடப்பட்டவனுக்குத் தோள் கொடுத்தால் அவனுடைய கூட்டாளி என்று எழுதிக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் பயம். பயம் எனக்குப் புரிந்தது. அவர் சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரே பேச்சில் முடித்தார்: "அந்த உடம்பு கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது. தொர உத்தரவு."

அப்புறம் யாரிடம் போவது? பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வாய்க்கரிசிக்கு ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு லாரியில் ஏறினேன். கேட்டில் மலாய்க் காவல்காரன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். "பெராஸ்? தா போலே," என்றான், அரிசி கூடாது என்று. நான் என் வாயைக் காட்டி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது, முகம் மாறியது. புரிந்தும் அவிழ்த்து மண்ணில் கொட்டினான்.

டவுனில் தெருக்கோடியில் சீனன் சவப்பெட்டிக் கடை. கனமான பெட்டிகள், வார்னிஷ் காயாமல். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். கடை முதலாளி தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். "சூராட் ஆடா?" என்றார். ஸ்டேஷன் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறார். கடிதம் இருந்தால் பெட்டி தருவார், வண்டி தருவார், தூக்க ஆள் தருவார், குழியும் வெட்டித் தருவார். இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னிடம் நேராகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

ஸ்டேஷன் முற்றத்தில் வெயிலில் போட்டிருந்தார்கள். ஒருக்களித்துக் கிடந்தீர்கள். சட்டை முழுக்கக் குட்டைச் சேறு. ஆனால் முடி வெட்டியிருந்தது. பிடரியில் சவரக்கத்தி பட்ட இடம் வெள்ளையாக, புதுசாக இருந்தது. யார் சுட்டார்கள், எந்தப் பக்கத்துக் குண்டு, இன்றுவரை எனக்குத் தெரியாது. சொன்னவரும் கிடையாது. எனக்குத் தெரிந்தது, முடிவெட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தீர்கள்.

முற்றத்தை ஒட்டிய வராந்தாவில் மேஜை போட்டு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க நம் ஆள் ஒருவர். உங்கள் அடையாளக் கார்டு குட்டைத் தண்ணீரில் ஊறி, எழுத்தெல்லாம் கரைந்து மேஜைமேல் கிடந்தது.

"யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரரு."

"பேரு?"

எனக்கு வாய் வரவில்லை. கட்டினவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்த்திருந்தார்கள். குறைவதற்கு என்ன மிச்சம் இருந்தது? கண்ணுக்கு முன்னால் கிடக்கிறீர்கள். அப்படியும் வரவில்லை. சொல்லிவிட்டால் நானே உங்களை முடித்துவிட்ட மாதிரி இருந்தது.

"மலை மேல நிக்கிற சாமி பேருங்க," என்றேன்.

"எந்த மலைன்னு இந்த வெள்ளக்காரனுக்கு நான் சொல்றது? பேரச் சொல்லும்மா."

"கட்டுனவரு பேர எப்படிங்க சொல்றது?"

"அப்ப வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லு. அண்ணன் தம்பி கூடவா வரல?"

அவர் திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் முந்தானையை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பால் கட்டி நெஞ்சு கல்லாகியிருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. பேரில்லன்னா, ஆளில்லாத பொணம்னு எழுதிடுவாங்க. லாரி வந்து நிக்குது. எல்லாருக்கும் சேத்து ஒரே குழி. அப்புறம் நீ வந்து அழுதாலும் எடுக்க முடியாது."

திரும்பிப் பார்த்தேன். முதலில் கிடந்தவரை ஏற்றிவிட்டு, ஒருவன் உங்கள் காலைப் பிடித்துவிட்டான். மற்றவன் கையைத் தேடிக்கொண்டிருந்தான்.

கத்தினேன். உங்கள் பெயரை, உங்கள் அப்பா பெயரோடு சேர்த்து, அந்தக் கூரை அதிரக் கத்தினேன். காலைப் பிடித்தவன் பயந்து கீழே விட்டுவிட்டான். வெள்ளைக்காரன் நாற்காலியை விட்டு எழுந்தான். முற்றத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், உங்களைத் தவிர.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கடிதம் கொடுத்தார்கள். தவுக்கே என் காதுத் தோட்டை வாங்கிக்கொண்டு சொன்னபடி பெட்டியும் வண்டியும் ஆட்களும் தந்தார். வியாபாரி வியாபாரம் செய்தார், அவர்மேல் எனக்குக் குறை இல்லை. முகம் தெரியாத சீனர்கள் உங்களைத் தூக்கினார்கள். தப்பு இல்லை, சங்கு இல்லை, வாய்க்கரிசி இல்லை. பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பார்கள். வராமல் யாரை அனுப்புவேன்? குட்டைகளுக்கு அந்தப் பக்கம், மேட்டில், முதல் பிடி மண்ணை நான் போட்டேன். கேட் மூடுவதற்குள் தோட்டத்துக்கு ஓடி வந்தேன்.

லயத்துக்குள் நுழைந்ததும் உங்கள் அண்ணன் வீட்டு ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது.

"ஸ்டேசன்ல என் பேரு ஏதாச்சும் வந்துச்சா?"

தம்பியைப் புதைத்தாயிற்றா என்று கேட்கவில்லை.

"ஒங்க பேர அங்க யாரும் தேடல மாமா. எனக்குத்தான் நீங்க தேவப்பட்டீங்க," என்றேன்.

பல வருசம் கழித்து அவர் செத்தபோது போனேன். நல்ல கூட்டம், நல்ல தப்பு. தூக்குவதற்குப் போட்டி போட்டுக்கொண்டு தோள் கொடுத்தார்கள். பார்த்துவிட்டு, அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் வந்துவிட்டேன்.

உங்கள் பெயரை அதற்கப்புறம் நான் சொன்னதில்லை. கோயிலில் உங்களுக்குத் திதி கொடுக்கும்போது நம் மகன்தான் சொல்வான். பேத்தி சில நேரம் விளையாட்டாக, "பாட்டி, தாத்தா பேரச் சொல்லுங்க, நான் ரெக்கார்ட் பண்றேன்," என்பாள். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள். இல்லை. தனியாக இருக்கும்போது எத்தனையோ தரம் முயன்று பார்த்துவிட்டேன். வாயைத் திறந்தால் அன்று முற்றத்தில் கத்திய அந்தக் கத்தல்தான் தொண்டைக்கு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைக் கூப்பிடுவதுபோல, மெதுவாக, உங்களைக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை.