கைநாட்டு வைக்க மாட்டேன்

தொம்மலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வீணாவுக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாமல் படி. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. நானும் அம்மாவும் நலம், டோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே. அறுபத்தொன்பது வயதில் என் கையாலேயே உனக்கு எழுதுகிறேன் பார், நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

உன் தம்பி முகேஷ் எடுக்கும் சினிமாவால்தான் வீட்டில் நிம்மதி போயிற்று. ரூபாய்க்கு மதிப்பில்லாமல் போய், அரசாங்கம் கவிழ்ந்து, ஜனங்கள் அரிசிக்கு அலைகிற கதையாம். படத்தில் நாடு திவாலாவதற்குள் நம் வீடு ஆகிவிடும். பக்கத்து வீட்டு கஸ்தூரிரங்கன்தான் மந்திரி, என் நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு என்னையே அதட்டுகிறார். அம்மா தினமும் இருபது பேருக்குச் சித்ரான்னம் கிளறுகிறாள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நேற்று, சோனியா டீச்சர் என்னைப் போன்ற கிழடுகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் சமுதாயக் கூடத்தை நிவாரண அரிசிக் கடையாக்கிவிட்டான். ஐந்து மூட்டை, மேலே ஒரு பிடி அரிசி, உள்ளே மரத்தூள். வரிசையில் முதல் கிழவன் நான். பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு அழவேண்டுமாம். முடியாது என்றேன். நாற்பது வருஷம் சம்பளத்துக்கு மை தடவிய விரல், அந்த வேலை அதற்கு முடிந்துவிட்டது. அப்பா, ஒரே ஷாட்டுப்பா, நடிப்புதானே, கேமராவ சாயங்காலம் திருப்பித் தரணும் என்று கெஞ்சினான். கையெழுத்து போடுற ஆளைப் பாத்தா யாருக்குப்பா பாவமா இருக்கும் என்றும் சொன்னான். வந்ததே எனக்குக் கோபம். ஏண்டா, எழுதத் தெரிஞ்சவனுக்குப் பசிக்காதா என்று கேட்டேன். அம்மாவோ, ஊரே காத்திருக்கு, இந்த மனுஷன் வீம்பைப் பாரு என்று எல்லார் முன்னாலும் ஏசினாள்.

கடைசியில், உன் இஷ்டம் போப்பா என்று கேமராவை ஓடவிட்டான். நான் பேனாவை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன். ஷாட் முடிந்தால்தான் எல்லாருக்கும் சாப்பாடு, மணியோ மூன்று. தாத்தா, பேகா பேகா என்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மஞ்சுநாத் கன்னடத்தில் அவசரப்படுத்தினான். யோவ் பெருசு, பேரை எழுதுறியா, சொத்தை எழுதுறியா என்று அவனுக்கும் பின்னாலிருந்து தியோடர் கத்தினார். அது நடிப்பில்லை, நிஜப் பசி. கிழவன் நகர்ந்ததும் மூட்டைகள் மேல் பாயவேண்டும் என்று வரிசையில் நின்றவர்களுக்கு முகேஷ் சொல்லியிருந்தான். நான் நகரவில்லை, அவர்கள் பாய்ந்துவிட்டார்கள். கடைசி எழுத்தை முடித்து நிமிர்ந்தால் எதிரே ஒரு மூட்டைகூட இல்லை, தரையெல்லாம் மரத்தூள். முகேஷ் கட் சொல்லக்கூட மறந்து நின்றான். பிறகு கிட்டே வந்து, படம் இதோட முடியுதுப்பா, அழுகிற சீன் வேண்டாம் என்றான். அவன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கூடத்தைப் பெருக்க மட்டும் ஒருத்தனையும் காணோம், நானும் அம்மாவும்தான் பெருக்கினோம்.

இருவரும் தீர்க்காயுசாக நன்றாக இருங்கள். வெயிலில் குடையில்லாமல் இறங்காதே. போனில் பதில் சொல்லி முடித்துவிடாதே, பெரிய பெரிய எழுத்தாகக் கடிதம் போடு, படிக்க ஆசையாக இருக்கிறது. இனி டப்பிங்காம், அதில் என்ன கூத்தோ, அதை அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அப்பா,
கோவிந்தப்பா